துணைக்கு யார் வருவது?

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பரிசோதனை இலவசம். ஆபரேஷன், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், சாப்பாடு, போக வர பஸ் எல்லாமே இலவசம். அப்படியும் எத்தனை பேர் வருகிறார்கள்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர்தான். பணி ஓய்வுக்குப் பிறகு டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது. உள்நாட்டிலேயே லென்ஸ் செய்து விலையைத் தரைக்கு இறக்கியதும் மதுரைதான். பிறகு சிற்றூர்களுக்கே பார்வை மையங்கள் வந்தன. நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் திண்ணையோடு நின்றுவிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

காரணம் பணம் மட்டுமல்ல. மகனுக்கு லீவு இல்லை. மருமகள் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். பாட்டியோ, "இருக்கிற வரைக்கும் இது போதும், விடு" என்கிறார். அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. தாத்தாவுக்குக் கிடைக்கிற துணை பாட்டிக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டி எப்படிச் சமாளிக்கிறார் என்று அரை நாள் கவனித்தால் போதும். மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தை வைத்தே சர்க்கரைக்கு எது, பிரஷருக்கு எது என்று பிரிக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட்டால் போச்சு. படியிறங்கும்போது கடைசிப் படியைக் காலால் துழாவுகிறார். வீட்டில் இருக்கும் நாம் இதையெல்லாம் "வயசாயிடுச்சு" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, அதே மகனுக்கு எப்படியோ லீவு கிடைக்கிறது.

"சதை இன்னும் முத்தல, முத்தட்டும்" என்பது இன்னொரு சாக்கு. அது பழைய ஆபரேஷன் காலத்துப் பேச்சு. கண்புரை முற்றி இறுகினால் இன்றைய சிகிச்சைக்குத்தான் சிரமம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டால் அதுவே சமயம். புரை ஆபரேஷனாவது போன பார்வையைத் திருப்பித் தரும். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரத்துப் பார்வையை முதலில் தின்றுகொண்டே வரும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆகவே அப்பாவுக்கு இது இருந்தால் அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோரும் நாற்பதிலேயே ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவதும் அழுத்தத்தை ஏற்றும். விற்கிற கடைக்காரருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

சர்க்கரைக்காரர்கள் கதை வேறு. பார்வை நன்றாக இருக்கும்போதே விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கெடத் தொடங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதித்தால் லேசராலோ ஊசியாலோ தடுக்க வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம். மாத்திரை கொடுக்கும்போது, "கண்ணை எப்போது காட்டினீர்கள்?" என்று கேட்டு அட்டையில் ஒரு வரி எழுதுவதற்குத் தனிச் செலவு ஆகாது.

மருத்துவரை அரசு தர வேண்டும், சரி. ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆளை அரசாணை போட்டுக் கொண்டுவர முடியாது. அது தெருவின் வேலை. உலகப் பார்வை தினம் அக்டோபர் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அறுபது தாண்டியும் கண்ணைக் காட்டாதவர்கள் யார், யாரோடு யார் போவது என்ற பட்டியலை அன்றே எழுதலாம். மகளிர் குழுவில் ஒருவர், கல்லூரிப் பையன் ஒருவன், யாராயிருந்தாலும் சரி. கூலியை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலியை ஊர்ப் பொதுப்பணத்திலிருந்தோ கோயில் கமிட்டியிலிருந்தோ கொடுக்கட்டும். திருவிழாவுக்கு வரி போடும் ஊருக்கு இது பெரிய தொகை அல்ல.

பட்டியல் ஆபரேஷனோடு முடிந்துவிடக் கூடாது. பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விட வேண்டும். தனியாக இருக்கும் கிழவிக்கு அதை யார் விடுவது என்பதும் எழுதப்பட வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை, தேவைப்பட்டால் கண்ணாடி, அப்புறம் அடுத்த கண். முதல் நாள் முகாமில் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அந்த மறுபரிசோதனைக்குக் கூடப் போக இரண்டு பேர் இப்போதே பேர் கொடுக்கட்டும்.