வீட்டு வாசலிலிருந்து அளக்க வேண்டும் தூரத்தை

சென்னையிலிருந்து சூரத்துக்கு வான்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம். ஆரணியில் தறி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பட்டுப்புடவைக் கரையில் ஓடும் சரிகைக்கு நாங்கள் சூரத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். ஆனால், அந்த இரண்டு மணி நேரம் ஓடுதளத்துக்கும் ஓடுதளத்துக்கும் இடையிலானது மட்டுமே.

சரிகையைக் கையில் தொட்டுப் பார்த்து வாங்க நான் அவ்வப்போது நேரில் போவதுண்டு. காலை ஒன்பதரை மணி விமானம் என்றால், மூன்று மணிக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். பேருந்தில் பூந்தமல்லி, அங்கிருந்து மீனம்பாக்கத்துக்கு வேறு வண்டி. பிறகு சோதனை, காத்திருப்பு. சூரத்தில் இறங்கிக் கடைத்தெருவை அடையும்போது மதியம் ஒரு மணி. பத்து மணி நேரப் பயணத்தில் எட்டு மணி நேரம் தரையில்தான் கழிகிறது. விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் ஒரு மணி நேரம்தான் மிச்சமாகும். ஆரணியிலிருந்து வெளியேறும் வழியைச் சீராக்கினால் அதைவிட அதிகம் மிச்சமாகும். செலவையும் கவனத்தையும் அங்கேதான் முதலில் வைக்க வேண்டும்.

வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தை 'உடான்' திட்டத்தில் சேர்த்தபோது எங்கள் பக்கமும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால், சேலத்தைப் பாருங்கள். அதே திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை விமானம் 2021இல் நின்றது. மீண்டும் சேவை வர 2023 அக்டோபர் ஆனது. சிறு நகரங்களின் விமான சேவை அவ்வளவு நிலையற்றது. தண்டவாளம் அப்படியல்ல, ஒருமுறை போட்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

அந்தத் தண்டவாளம்தான் ஆரணி நகருக்குள் இல்லை. ஆரணி ரோடு ரயில் நிலையம் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. அது விழுப்புரம் – காட்பாடி பாதை. ஆரணி வழியாகப் போக வேண்டிய திண்டிவனம் – நகரி புதிய பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். எங்கள் ஊருக்கு ரயில் வந்தபாடில்லை.

ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டையை இணைக்கும். வாலாஜா ரோட்டில் சென்னை – பெங்களூரு பாதையையும் நகரியில் மும்பை செல்லும் பாதையையும் தொடும். கச்சாப் பட்டு வரும் கர்நாடகமும், சரிகை வரும் குஜராத்தும் ஒரே பாதையால் எங்களுக்கு நெருக்கமாகும். தறியை விட்டு ஒரு நாள் எழுந்தால் அன்றைய கூலியை இழக்கும் நெசவாளருக்கு, போய்வரும் பயணத்தில் அரை நாள் மிச்சமாவது பெரிய விஷயம்.

மாவட்ட நிர்வாகமும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இரண்டு காரியங்கள் செய்யட்டும். முதலாவது, களம்பூரில் ரயில் நிற்கும் நேரங்களுக்கு ஏற்ப ஆரணியிலிருந்து பேருந்து விடுவது. இதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, அடுத்த மாதமே தொடங்கலாம். இரண்டாவது, திண்டிவனம் – நகரி பாதையில் ஆரணிப் பகுதிக்கான வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்று எழுத்தில் அறிவிக்க வைப்பது. விமானத்தைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.