லாக்ரோஸ்: குற்றம் ஆட்டத்திலா, ஆட்டுவிப்போரிடமா?



அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் நம் உறவினர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு எழுதியிருந்தார். அவருடைய 13 வயது மகன், பள்ளித் தோழர்களைப் பார்த்துத் தானும் லாக்ரோஸ் ஆட வேண்டும் என்கிறானாம். அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. "இந்த விளையாட்டு மார்க்கத்தில் கூடுமா?" என்பது முதலாவது. "இதை ஆடினால் பெரிய கல்லூரிகளில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களே, உண்மைதானா?" என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு ஒரு வரியில் விடையளித்துவிடலாம். உடலுக்கு வலுவூட்டும் ஆட்டம். அவ்ரத் மறைந்திருக்க, தொழுகை தவறாதிருக்க, சூது கலவாதிருக்க, தாராளமாக ஆடலாம். இரண்டாவது கேள்விதான் நம்மை வாட்டியது. அந்த ஆட்டத்தைச் சூழ்ந்து நிற்கும் கேடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்தே முளைக்கின்றன என்பது நம் துணிபு.

அறியாதோர்க்காகச் சிறிது சொல்ல வேண்டும். முனையில் சிறு வலைப்பை கட்டிய நீண்ட கோல். கெட்டியான ரப்பர்ப் பந்து. பந்தைக் கோலில் ஏந்தி ஓடி, எறிந்து, எதிரணியின் வலைக்குள் செலுத்த வேண்டும். ஆடவர் ஆட்டத்தில் அணிக்குப் பத்துப் பேர்; தலைக்கவசம் அணிந்து தோளோடு தோள் மோதுவர். மகளிர் ஆட்டத்தில் அவ்வாறு மோதுவதற்கு இடமில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரை மாநிலங்களில், குறிப்பாக மேரிலாந்திலும் நியூயார்க்கின் லாங் ஐலண்டிலும், வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதை ஆடி வருகின்றனர்.

வசதி என்றோம். ஒரு பிள்ளை லாக்ரோஸ் ஆடப் பெற்றோர் ஆண்டுக்குச் சராசரியாக 1,289 டாலர் செலவிடுவதாக 2019இல் ஆஸ்பென் நிறுவனத்தின் கணக்கெடுப்பு கூறிற்று. இது சராசரியே. ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணியில் சேர்ந்தால், பயணமும் விடுதியும் கோடை முகாமும் சேர்ந்து செலவு பன்மடங்காகும். இவ்வளவும் கொட்டுவது எதற்காக? பிள்ளை வியர்வை சிந்தி மகிழ்வதற்காக என்று எவரேனும் சொன்னால் நாம் நம்பத் தயாராயில்லை. அதற்கு ஒரு பந்தும் தெருவும் போதும்.

கல்லூரி வாயிலுக்காகவே இவ்வளவும். ஒரு காலத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிப் பயிற்சியாளர்கள் வாய்மொழி உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார்கள். குரல் உடையாத சிறுவன், தான் எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறான் என்பதை உயர்நிலைப் பள்ளியின் பாதையை மிதிக்கும் முன்பே முடிவு செய்தான். செய்தான் என்பதைவிட, அவனுக்காகத் தந்தை செய்தார் என்பதே பொருந்தும். இக்கூத்து முற்றிப்போய், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன் எந்தப் பயிற்சியாளரும் மாணவரைத் தொடர்புகொள்ளலாகாது என்று கல்லூரி விளையாட்டுக்கான தேசியச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ. 2017இல் விதி இயற்ற நேர்ந்தது. விதியை வேண்டிக் கேட்டோர் பயிற்சியாளர்களே என்பது கவனிக்கத் தக்கது. அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது போலும்.

இவ்வளவு செலவழித்தோர்க்குக் கிட்டுவது யாது? முதல் நிலைக் கல்லூரிகளின் ஆடவர் அணி ஒன்றுக்கு அண்மைக்காலம் வரை அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 12.6 மட்டுமே. அதைத்தான் நாற்பது, ஐம்பது பேருக்குப் பிய்த்துப் பங்கிட்டனர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற ஐவி கூட்டுக் கல்லூரிகளிலோ விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. பயிற்சியாளரின் சிபாரிசினால் இடம் மட்டும் கிடைக்கும். அந்த இடத்தின் மதிப்பு என்ன என்பது ஹார்வர்ட் மீது தொடரப்பட்ட வழக்கில் அம்பலமாயிற்று. நீதிமன்றத்தில் வெளியான தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அங்கே சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவருள் 43 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளை, ஊழியரின் பிள்ளை, கல்லூரித் தலைமையின் தனிப்பட்டியலில் உள்ளோர் என்னும் வகையினர் என்றனர். ஆசிய வம்சாவளியினரிடையே அது 16 விழுக்காட்டிற்கும் குறைவு. அந்தத் தனிவாசலில் நாமும் நுழையலாமே என்று நம் உறவினர் ஆசைப்படுகிறார். அவரை நாம் குறை கூறவில்லை. ஆசையைத்தான் குறை கூறுகிறோம். வாசல் அநீதியானது என்றால் அதை எதிர்த்துப் பேச வேண்டும். நமக்கும் ஒரு சாவி செய்து தரக் கேட்பது எப்படி நியாயமாகும்?

இந்த வாசலுக்கு விலை கொடுத்த பின், பிள்ளை எதைச் செய்தாலும் மூடி மறைக்க வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கும் பள்ளிக்கும் பயிற்சியாளருக்கும் ஒருசேர வந்துவிடுகிறது. முதலீடு வீணாகலாகாதல்லவா? "இளைஞர் என்றால் அப்படித்தான்" என்னும் மந்திரம் பிறப்பது இங்கேதான். அதற்கு மறுமொழியாக, "அது குடிகாரப் பணக்காரப் பிள்ளைகளின் ஆட்டம், அவர்கள் எதையும் செய்வார்கள்" என்னும் எதிர்மந்திரமும் பிறக்கிறது. இரண்டும் மனிதரைக் கொல்லும். இரண்டிற்கும் இரத்த சாட்சி உண்டு.

2010ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், வர்ஜீனியா பல்கலைக்கழக மகளிர் அணி வீராங்கனை யார்ட்லி லவ், தன் அறையில் இறந்து கிடந்தாள். வயது 22, பட்டமளிப்புக்குச் சில வாரங்களே இருந்தன. கொன்றவன் அதே பல்கலைக்கழகத்தின் ஆடவர் அணி வீரன், அவளுடைய முன்னாள் காதலன். 2012இல் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 23 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். 2022இல் உரிமையியல் நீதிமன்றம் அவளது குடும்பத்திற்கு 15 மில்லியன் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. இவையெல்லாம் பின்னால் வந்தவை. முன்னால் நடந்தவை யாவை? 2008இல் குடிபோதையில் காவலரோடு மல்லுக்கு நின்று அவன் கைதாகியிருந்தான், பல்கலைக்கழகத்திற்குத் தெரியாது. கொலைக்குச் சில மாதங்களுக்கு முன் அவளது கழுத்தை நெரித்ததைக் கண்டு விலக்கியவர் இருந்தார். விசாரணையில் அது சாட்சியமாக வந்தது. அவன் குடித்துத் தள்ளாடியதை அணி முழுதும் அறியும். ஒருவரும் உரிய இடத்தில் வாய் திறக்கவில்லை. அணியின் விவகாரம் அணிக்குள் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் யார்? அவளது தாயும் குடும்பத்தாரும் அவள் பெயரால் தொடங்கிய ஒன் லவ் அறக்கட்டளை, உறவில் வன்முறையின் முன்னடையாளங்களை இளைஞர்க்குக் கற்பித்து வருகிறது.

இனி எதிர்மந்திரத்தின் கதை. 2006 மார்ச் மாதம் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழக லாக்ரோஸ் அணியினர் ஒரு வீட்டில் மது விருந்து நடத்தி, ஆடை களைந்து ஆடும் பெண்கள் இருவரைக் கூலிக்கு வரவழைத்தனர். பிரியும்போது இனவசையும் எழுந்தது. அப்பெண்களுள் ஒருவர், தாம் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாகப் புகார் கூறினார். அணியின் 46 வெள்ளையின வீரர்களிடமும் மரபணு மாதிரி எடுத்தார்கள், எவருடையதும் பொருந்தவில்லை. அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங்கோ அப்போது தேர்தல் களத்தில் இருந்தார். மூவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பயிற்சியாளர் மைக் பிரெஸ்லர் பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்கள் யாவும் ரத்தாயின. பேராசிரியர்கள் 88 பேர் கையொப்பமிட்ட விளம்பரம் வெளிவந்தது. பத்திரிகைகள் தீர்ப்பே எழுதிவிட்டன.

ஓராண்டு கழிந்தது. 2007 ஏப்ரலில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர் வழக்கை முற்றாகக் கைவிட்டதோடு நில்லாமல், மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். சாதகமான மரபணு முடிவுகளை மறைத்த நைஃபாங் வழக்கறிஞர் உரிமத்தை இழந்தார். ஒரு நாள் சிறையும் இருந்தார். புகார் கூறிய பெண் 2024 டிசம்பரில் வெளியான பேட்டியில், தாம் சொன்னது பொய் என ஒப்புக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகள்!

அவதூறு எவ்வளவு பெரும் பாவம் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். சாட்சியின்றி ஒழுக்கக் குற்றம் சாட்டியவனின் சாட்சியமே பின்னர் ஏற்கப்படாது என்பது நம் சட்டம். (வன்கொடுமைக்கு உள்ளான பெண் நீதி கேட்டு வருவதைத் தடுக்க இதையே சிலர் கேடயமாக்குவது வேறோர் அக்கிரமம், அதைத் தனியே எழுதுவோம்.) ஆயினும் டியூக் கதையை ஒரு பக்கமாக மட்டும் வாசிப்போர்க்கு ஒன்று சொல்வோம். வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுபட்டது வேறு. அன்றிரவு விருந்து நல்லொழுக்கமானது என்பது வேறு. மீண்டு வந்த இளைஞருள் ஒருவரே, தமக்கே இக்கதி என்றால் வழக்காடப் பணமில்லாதோர் கதி என்ன என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்தப் பேராசிரியர்களின் விளம்பரத்தைவிட இக்கேள்வி நமக்கு மேலானதாகப் படுகிறது.

இளையோரிடையே "வரவேற்பு" என்ற பெயரில் நடக்கும் கொடுமையும் ஓயவில்லை. 2025 வசந்தத்தில் நியூயார்க் மாநிலம் சிரக்யூஸ் அருகே உயர்நிலைப் பள்ளி லாக்ரோஸ் அணியினர், தம்மினும் இளைய வீரனைக் கடத்துவதுபோல் நாடகமாடிக் காரில் ஏற்றிச் சென்ற வழக்கில், மாவட்ட வழக்கறிஞர் கெடு விதித்தபின் 11 மாணவர்கள் சரணடைந்தனர். வேடிக்கைதானே என்று தொடங்கியிருப்பார்கள். முந்திய ஆண்டு செப்டம்பரில், மாசசூசெட்ஸின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக அணி, கடற்படைச் சிறப்புப் பயிற்சி பெற்ற ஒருவரின் கீழ் கடும் உடற்பயிற்சி செய்து, தசை நார்கள் சிதையும் நோய்க்கு 24 பேர் ஆளாயினர். அதுவும் அவ்வாண்டின் சாம்பியன் அணி. மயங்கி விழும்வரை நிறுத்தாதவனே வீரன் என்று கற்பித்தால் வேறென்ன நடக்கும்?

பந்து மார்பில் பட்டு இதயம் நின்றுபோன சம்பவங்களும் உண்டு. 2000இல் லாங் ஐலண்டில் 14 வயதுச் சிறுவன் லூயி அகொம்போரா இவ்வாறு மாண்டான். அவனுடைய பெற்றோர் ஓயாது போராடியதால்தான் நியூயார்க் பள்ளிகளில் இதயத்துடிப்பை மீட்கும் மின்கருவி கட்டாயமாயிற்று. பெற்றோர் என்றால் இவர்களைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எழுதியும் நம் மனத்தை மிகவும் உறுத்துவதை இன்னும் சொல்லவில்லை. இந்த ஆட்டம் அந்தப் பணக்காரர்களுடையதே அன்று. மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனிகா, டஸ்கரோரா என்னும் ஆறு குடிகள் சேர்ந்த ஹோடனோஷோனி மக்கள் அதைப் படைத்தவன் தந்த ஆட்டமாகவும் நோய் தீர்க்கும் சடங்காகவும் கொண்டவர்கள். மான்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867ஐ ஒட்டி அதற்கு எழுத்து விதிகள் வகுத்தார். 1880இல் கனடாவின் சங்கம், பணம் பெற்று ஆடுவோர் என்று காரணங்காட்டி அம்மக்களையே போட்டியிலிருந்து விலக்கியது. வீட்டுக்காரனை வெளியே தள்ளித் தாழிட்டுக்கொண்டார்கள்.

தாழ் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2010இல் மான்செஸ்டரில் உலகப் போட்டி. அம்மக்கள் தம் சொந்தக் கடவுச்சீட்டில் பயணம் செய்ய முனைந்தபோது பிரிட்டன் அனுமதி மறுத்தது; அணி நியூயார்க்கிலேயே முடங்கிற்று. அதே போட்டியில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் யார் தெரியுமா? டியூக்கில் பதவியிழந்த அந்த மைக் பிரெஸ்லர்தான். ஒருவருக்கு மீட்சி கிட்டிய இடத்தில் இன்னொருவருக்கு வாசலே மறுக்கப்பட்டது. 2018இல் இஸ்ரேலின் நெதன்யாவில் போட்டி நடந்தபோது, பலஸ்தீன அமைப்புகள் புறக்கணிக்க வேண்டியும் அவ்வணி சென்று ஆடியது. நிலம் பறிபோனவர்கள் அங்கே சென்றது நமக்கு வருத்தமே. எனினும் அதனால் அவர்களுடைய உரிமை குறைந்துவிடாது. 2014, 2018, 2023 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் ஆடவர் அணி மூன்றாமிடம் பெற்றது.

2019இல் ஃபிலடெல்ஃபியா ஆட்டரங்கில், அம்மக்களின் ஒப்பற்ற வீரர் லைல் தாம்ப்சனின் நீண்ட சடையை வெட்டுவோம் என்று ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பாளர் கூவினார். மறுநாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கூவியதைக் கேட்டுச் சிரித்த கூட்டத்தை எங்கே நீக்குவது?

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் மீண்டும் இடம்பெறுகிறது. தேசிய ஒலிம்பிக் குழு இல்லாத நாட்டிற்குக் கொடியில்லை, வேண்டுமானால் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடுங்கள் என்பது ஒலிம்பிக் தலைமையின் வாதம். 2022இல் நடந்த பர்மிங்ஹாம் உலக விளையாட்டுகளுக்கு முன் இதே சிக்கல் எழுந்தபோது, அயர்லாந்து அணி தன் இடத்தையே விட்டுக்கொடுத்து அவர்களுக்கு வழி செய்தது.

நம் உறவினருக்கு நாம் எழுதிய பதில் இது: "மகனை ஆட விடுங்கள். எந்தக் கல்லூரி என்று பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். மைதானத்தில் இதயமீட்புக் கருவி உண்டா, உடைமாற்றும் அறையில் பெரியவர் ஒருவர் இருப்பாரா, புதிதாகச் சேர்ந்த பிள்ளையை மூத்த பிள்ளைகள் எவ்வாறு நடத்துகிறார்கள், அணியில் ஒருவன் தவறு செய்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா எனக் கேளுங்கள். அயர்லாந்து அணி 2020இல் என்ன செய்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அவனை ஒருமுறை ஒனண்டாகா மக்களின் ஊருக்கு அழைத்துச் சென்று, அவர்கள் மரத்தில் கோல் செய்வதைக் காட்டுங்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் சில மணி நேரந்தான்."

மறுமொழி இன்னும் வரவில்லை.