மேல நகர் மறுகால், கீழ நகர் வாசல்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரம். மதுரைப் புறநகரில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவிளக்கு எரியவில்லை. குப்பை வண்டி இரண்டு நாளாக வரவில்லை. நாய்த் தொல்லை. கேமரா பழுது. சந்தா பாக்கி யார் யார். தீபாவளிக்குத் தூய்மைப் பணியாளர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம். கடைசியில், எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில், செயலாளர் அவசரமாக ஒரு வரி வாசிப்பார்: "மழைநீர் வடிகாலைத் தூர்வாரக் கோரி மாநகராட்சிக்கு மனு கொடுப்பது என்று தீர்மானிக்கப்படுகிறது."

கைதட்டல். டீ, மிக்சர். கூட்டம் முடிந்தது.

அவசரத்தில் வாசிக்கப்படும் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். மற்றவையெல்லாம் நம் தெருவுக்குள் முடிந்துவிடும் விஷயங்கள். தண்ணீர் மட்டும் நம் தெருவில் தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை

2024 அக்டோபர் 25. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பிற்பகலில் பிடித்த மழை மதுரையின் வடபகுதியைப் புரட்டிப்போட்டது. செல்லூர், நரிமேடு, பீபீகுளம், முல்லை நகர், ஆலங்குளம், ஆனையூர் என்று பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர். ஃபிரிட்ஜ் மிதந்த வீடு உண்டு, பிள்ளைகளின் புத்தகம் நனைந்த வீடு உண்டு, தீபாவளித் துணி சேற்றில் கிடந்த வீடும் உண்டு.

அங்கே விழுந்த மழையால் மட்டும் செல்லூர் மூழ்கவில்லை. நகரின் வடக்கே உள்ள கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலே உள்ள கண்மாய் நிரம்பினால் அதன் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அப்படி இறங்கி வரும் தண்ணீர் செல்லூர்க் கண்மாய்க்கு வந்து, அங்கிருந்து பந்தல்குடிக் கால்வாய் வழியாக வைகையில் சேர வேண்டும். ஆனால் வழியெல்லாம் வீடு, கடை, ரோடு. கால்வாயில் குப்பையும் ஆகாயத்தாமரையும். மேலே இருந்து வரும் தண்ணீர் அத்தனையும் கடைசியில் இருக்கும் தெருவில் ஏறிவிட்டது.

அன்று மேட்டில் இருந்த நகர்களில் தண்ணீர் சீக்கிரமே வடிந்திருக்கும். "நம்ம தெரு தப்பிச்சது" என்று அங்கே நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர்கள் வாசலில் இருந்து வடிந்த தண்ணீர் எங்கே போனது என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

பெயரிலேயே தண்ணீர்

நம் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பீபீகுளம், கோசாகுளம், மாடக்குளம், ஆலங்குளம், உலகனேரி. பெயரிலேயே குளமும் ஏரியும் இருக்கிறது. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காக அமைந்த பழைய நகரத்துக்கு வெளியே, வயலும் கண்மாயுமாக இருந்த பூமிதான் இன்று நாம் வீடு கட்டிக் குடியிருக்கும் புறநகர்.

2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் மதுரைக்குள் வந்தன. கிராமம் நகரமாகியது. வயலுக்குப் போன வாய்க்கால் சாக்கடையானது. ஆனால் சரிவு மாறவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடியதோ, இன்றும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

அப்போது யார் பார்த்தார்கள்?

இதே தண்ணீரை ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டி ஆண்டிருக்கிறார்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வார். கரையை உயர்த்துவார்கள், மடையைப் பார்ப்பார்கள். குடிமராமத்து என்பது இதுதான். 2017இல் தமிழக அரசு இதே பெயரில் தூர்வாரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, பழைய சொல் மறுபடி பேப்பரில் வந்தது.

தண்ணீரைத் திறந்துவிட, அடைக்க, எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைக்க, நீர்பாய்ச்சி என்றோ நீர்க்கட்டி என்றோ அழைக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். அறுவடையில் நெல்லாக அவருக்குக் கூலி.

இதில் கலுங்கு முக்கியம். கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடம் அது. கலுங்கின் உயரத்தை மேல ஊர்க்காரர்கள் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. கூட்டினால் கீழ ஊர்க் கண்மாய் காயும். திடீரென்று திறந்துவிட்டால் கீழ ஊர் மூழ்கும். அதனால் அது இரண்டு ஊர் சம்பந்தப்பட்ட விஷயம். சண்டை வந்திருக்கிறது, பஞ்சாயத்து நடந்திருக்கிறது. ஆனால் மேல ஊரும் கீழ ஊரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று கலுங்கு இருந்த இடத்தில் நம் நகர் இருக்கிறது. பேசுகிற வழக்கம் மட்டும் போய்விட்டது.

நம் சங்கம் என்ன செய்கிறது?

குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, வீடு வீடாகச் சந்தா வசூலித்து, அதற்கும் திட்டு வாங்கி, சங்கம் நடத்துகிறவர்கள் பாவம். பல நகர்களில் பூங்கா பிழைத்திருப்பதும், மரம் நிற்பதும் அவர்களால்தான்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான். "நம்ம தெருவுல தண்ணி நிக்கக் கூடாதுண்ணே, அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுந்து சொல்வார். உடனே ஒரு லோடு மண் அடித்து நம் தெரு முனையை உயர்த்துவோம். வாசலில் சாய்தளத்தை ரோட்டின் மேல் வரை இழுத்து சிமெண்ட் பூசுவோம், அதன் அடியில் இருந்த வடிகால் அடைபடும். ரோடு போடும்போது, "கொஞ்சம் உயரமா போடுங்க சார்" என்று கேட்டு வாங்குவோம். நம் தெரு உயர உயர, அடுத்த தெரு பள்ளமாகும். அவர்கள் அடுத்த வருஷம் உயர்த்துவார்கள். கடைசியில் எல்லோருடைய வீடும் ரோட்டுக்குக் கீழே!

இந்த உயரப் போட்டிக்கு ஒரு மருந்து கையிலேயே இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். ரோடு போட ஆள் வந்து இறங்கும் நாளில் இதை ஞாபகப்படுத்த வேண்டியது சங்கத்தின் வேலை. ரோடு போட்ட பிறகு மனு கொடுத்துப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் ஏறும்போது முதலில் நனைவது தரைத்தளம். அங்கே பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள், இல்லாவிட்டால் மாடி ஏற முடியாத பெரியவர்கள். பல சங்கங்களில் சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உறுப்பினர் உரிமை. முழங்கால் தண்ணீரில் நின்றவர் குரல் கூட்டத்தில் கேட்பதில்லை. பகலில் வீட்டில் இருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்த அம்மாமார்களும் கூட்டத்தில் குறைவு. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தெப்பக்குளம் சொன்ன பாடம்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். பல வருஷம் அது வறண்டு கிடந்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடியதை நாம் பார்த்திருக்கிறோம். வைகையில் இருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும் பாதை அடைபட்டுப் போனது. பாதையைச் சரிசெய்த பிறகு, சில வருஷங்களாகக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் போய் உட்காருகிறோம். குளத்தை மட்டும் எவ்வளவு தூர்வாரியிருந்தாலும் இது நடந்திருக்காது. வழியைப் பார்த்ததால் நடந்தது.

பெங்களூருவில் சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் கைகொண்டரஹள்ளி ஏரி இருக்கிறது. சாக்கடையும் குப்பையுமாகப் போய்க்கொண்டிருந்த ஏரியைச் சுற்றியிருந்த குடியிருப்புவாசிகள், தனித்தனியாக மனு கொடுப்பதை விட்டு ஒன்றாகச் சேர்ந்தார்கள். மாநகராட்சியோடு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள், வேலை நடக்கும்போது கூடவே நின்றார்கள். முடிந்த பிறகும் பராமரிப்பை விடவில்லை. இன்று அங்கே நடைபயிற்சி போகிறார்கள், பறவை பார்க்கிறார்கள். ஓர் அபார்ட்மென்ட் தனியாக நின்று சாதித்த காரியம் இல்லை அது.

இந்த மாதமே செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் வேண்டாம். நான்கு வேலைகள்.

ஒன்று, காகிதம். உங்கள் நகர் எந்தக் கிராமமாக இருந்ததோ, அந்தப் பழைய கிராம வரைபடத்தை வாங்குங்கள். வாய்க்கால், ஓடை, கண்மாய் எந்தச் சர்வே எண் என்று அதில் இருக்கும். அந்த எண்ணை வைத்து, நிலம் எந்த வகை என்று அ-பதிவேட்டில் பாருங்கள். பல இடங்களுக்கு இணையத்திலேயே பார்க்கலாம். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில் கேட்கலாம். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்ற மனுவுக்கும், "இந்தச் சர்வே எண்ணில் உள்ள வாய்க்கால் இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது" என்ற மனுவுக்கும் அதிகாரி தரும் மரியாதையே வேறு.

இரண்டு, நடை. ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பத்துப் பேர் சேர்ந்து, உங்கள் தெரு வடிகாலில் தொடங்கி தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து போங்கள். எங்கே குழாய் சிறுத்திருக்கிறது, எங்கே கல்வெட்டுப் பாலம் அடைத்திருக்கிறது என்று போட்டோ எடுங்கள். அந்தப் பக்கம் ரொம்ப நாள் குடியிருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைகளையும்தான்.

மூன்று, மேலேயும் கீழேயும் உள்ள நகர்ச் சங்கங்களைக் கூப்பிடுங்கள். முதல் கூட்டத்தில் சத்தம் வரும், "நீங்கதானே ரோட்டை உயர்த்துனீங்க" என்பார்கள். வரட்டும். பிறகு மூன்று சங்கமும் சேர்ந்து ஒரே மனு எழுதுங்கள். 2022 நவம்பர் 1 முதல் நம் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி. அதில் மூன்று நகர் ஒன்றாக எழுந்து நின்றால் கவுன்சிலருக்கும் வசதி, யாருக்கு முதலில் செய்வது என்ற சங்கடம் அவருக்கு இல்லை.

நான்கு, நம் வீடு. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழி தோண்டினோம். அந்தக் குழியைத் திறந்து பார்த்து எத்தனை வருஷமாகிறது? மணலை மாற்றி, குழாயைச் சுத்தம் செய்தால், மாடியில் விழும் மழையில் ஒரு பங்கு நம் போர்வெல்லுக்கே போகும். அவ்வளவு தண்ணீர் கீழ நகர் வாசலுக்குப் போகாது.

சங்கத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள். 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ய ஏழு பேர் போதும். பதிவு எண் இருந்தால் சங்கத்தின் கடிதத்துக்குக் கனம் கூடும், கணக்கும் ஒழுங்காக இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறது. அடுத்த கூட்ட அழைப்பிதழில் தண்ணீரைக் கடைசி வரியில் இருந்து முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். அதோடு, "சிறப்பு அழைப்பு" என்று போட்டு, கீழ நகர்ச் சங்கத் தலைவரின் பெயரை எழுதுங்கள். டீயும் மிக்சரும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டால் போதும்.