கட்டைவிரல் பாடம்

நமது நாட்டில் படிப்பு என்றால் எழுத்தைக் கூட்டி வாசிப்பதும், வாசித்ததை நெட்டுருப் போடுவதும், பரீட்சையில் அதை அப்படியே கக்கிவிட்டு வருவதுந்தான் என்று ஆகிவிட்டது. அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு. வாத்தியார் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் இல்லை. இப்படிப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் என்ன வித்தியாசம்? படிக்காதவன் பிறர் சொல்லக் கேட்டு ஏமாறுகிறான். படித்தவன் தானே வாசித்து ஏமாறுகிறான். அவ்வளவுதான்!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏகலைவன் கதையைக் குருபக்திக்கு அடையாளமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். வேடர் குலத்துப் பையன் என்பதற்காக வில்வித்தை கற்றுத்தர முடியாதென்று துரோணாச்சாரியார் அனுப்பிவிட்டார். பையன் மண்ணால் ஓர் உருவம் செய்து வைத்துக்கொண்டு தானே பழகித் தேறினான். தேறியது தெரிந்ததும், கற்றுக் கொடுக்காத ஆச்சாரியார் வந்து, வலதுகைக் கட்டைவிரலைத் தட்சணையாகக் கேட்டு வாங்கிப் போனார். இதிலிருந்து பிள்ளை கற்க வேண்டிய நீதி, குருபக்தியே சிறந்தது என்பதாம்!

நாம் கேட்கின்றோம்: கற்றுக் கொடுக்காதவருக்குத் தட்சணை எதற்கு? விரல் போனதால் லாபம் யாருக்கு? தனக்கு மிஞ்சிய வில்லாளி இருக்கக் கூடாதென்ற அர்ஜுனனுக்கல்லவா? இக்கதையை ஏகலைவனைப் பெற்ற தாய் சொல்லியிருந்தால் இப்படியா சொல்லியிருப்பாள்? இவற்றைப் பத்து வயதுப் பிள்ளையே கேட்கும். கேட்கவொட்டாமல் "உட்காரடா" என்று அதட்டுகிற வாத்தியார், தாமும் ஒரு விரலை வெட்டுகிறவரே ஆவார்.

கதையை மறைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இதை யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, யார் வாயை அடைத்துவிட்டுச் சொன்னது என்று கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். சரித்திரப் பாடத்தையும், பத்திரிகைச் செய்தியையும், விளம்பரத்தையும், கைப்பேசியில் வரும் புளுகையும், ஏன், இந்தப் பத்திரிகையையுங்கூட அவ்விதமே சோதிக்கட்டும்.

பிள்ளைகள் அடங்க மாட்டார்கள், மரியாதை கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கேள்வி கேட்டால் கெட்டுவிடுகிற மரியாதை இருந்தென்ன, போயென்ன? ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமையென்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தாகிவிட்டது. பிள்ளை பயமின்றித் தன் கருத்தைச் சொல்லத் துணைசெய்ய வேண்டுமென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமும் சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதட்டல் வகுப்பில் இருக்கிறது!

ஆகவே பெற்றோர்களே! பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதோடு நிற்காமல், "இன்றைக்கு என்ன கேள்வி கேட்டாய்?" என்றும் கேளுங்கள். கேட்டதற்காக அடி வாங்கி வந்தால், நீங்களே நேரில் போய் ஏனென்று கேளுங்கள். ஏகலைவனுக்காகக் கேட்க அன்று ஒருவருமில்லை. உங்கள் பிள்ளைக்காவது நீங்கள் இருங்கள்.