முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

வீட்டு போர் தண்ணீருக்கு மெஷின் மாட்டவேண்டும் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். முதலில் தண்ணீரைச் சோதிப்போம் என்றேன்.

கரிசல் காட்டுத் தண்ணீரின் உப்பு நாக்குக்குத் தெரியும். ஃபுளோரைடு தெரியாது, காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அதை அலுமினா பிடிக்கும். நீரில் காரம் கூடினால் அந்தப் பிடி தளரும்.

வங்காளத்தில் தொல்லை ஆர்சனிக். அதை இரும்புத் துரு பிடிக்கும். ஆனால் நிலத்தடியில் அது எளிதில் பிடிபடாத வடிவில் இருப்பதால், முதலில் பிளீச்சிங் பவுடர் போட்டு மாற்றவேண்டும். பாஸ்பேட் கூடுதலாக இருந்தால் அதுவும் துருவில் இடம் பிடித்துக்கொள்ளும்.

நோய் தெரியாமல் மருந்து வாங்குவோமா? குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து, அறிக்கை கைக்கு வந்தபின் கடைக்குப் போங்கள்.