வீடு மாறலாமா, பூட்டு மாற்றலாமா?

அரசாங்கம் நம்மிடம் என்னவெல்லாம் சொல்லும்? தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஹெல்மெட் போடு, வரி கட்டு. 2010 ஜனவரியில் ஜெர்மனி இதோடு இன்னொன்றும் சொன்னது: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொஞ்ச நாள் தொடாதே!

காரணம் இருந்தது. அதிலிருந்த ஓட்டை வழியாக கூகுளுக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டான். நீங்கள் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், 'ஓகே' அமுக்க வேண்டாம். விவகாரமான பக்கத்தைத் திறந்தாலே போதும், ஆள் உள்ளே. மைக்ரோசாஃப்டுக்கு இது 2009 செப்டம்பரிலேயே தெரியும் என்பது அப்புறம் வெளிவந்த கூத்து. பிரான்ஸும் சேர்ந்து சத்தம் போட, ஜனவரி 21-ம் தேதி அவசர அவசரமாக ஒட்டுப் போட்டார்கள்.

ஜெர்மன்காரர் பேசாமல் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். தென்கொரியாக்காரர்தான் பாவம். அங்கே பேங்க், ஆன்லைன் கடை எல்லாமே 'ஆக்டிவ்எக்ஸ்' என்ற சமாசாரத்தை நம்பியிருந்தன. அது எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும். பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த டிஜிட்டல் சான்றிதழுக்காக, ஓட்டைக்குப் பேர்போன பிரவுசரையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். வாசல் கதவைத் திறந்து வைத்தால்தான் காவல் காப்பேன் என்று வாட்ச்மேன் அடம்பிடிக்கிற மாதிரி.

2014-ல் ஒரு டி.வி. சீரியல் கதாநாயகி போட்டிருந்த கோட்டை (குளிருக்குப் போடுகிற கோட்டு ஸார், செஞ்சிக் கோட்டை இல்லை) வாங்க சீன ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள். சான்றிதழ் இல்லாததால் கொரியக் கடைகளில் வாங்க முடியவில்லை. அதிபர் பார்க் குன்-ஹே இதை அரசுக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசினார். நிபுணர்கள் வருஷக்கணக்காகக் கத்தியும் அசையாத விதி, ஒரு கோட்டுக்கு அசைந்து கொடுத்தது. சான்றிதழின் தனி அந்தஸ்து முழுசாகப் போனது 2020 டிசம்பரில்தான்.

எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்டே மங்களம் பாடிவிட்டது. ஆனாலும் 'க்ரோம்ல ஓட்டையாமே' என்று நியூஸ் வரும்போதெல்லாம் எட்ஜுக்கு ஓடுகிற நண்பர்கள் உண்டு. தெரிந்துகொண்டு ஓடுங்கள்: 2020 ஜனவரியிலிருந்து எட்ஜுக்கும் அடியில் இருப்பது க்ரோமின் அதே குரோமியம்தான். ஓபரா, பிரேவ், அதே கதை. ஒரே வீட்டில் மாடிப் போர்ஷனிலிருந்து கீழ்ப் போர்ஷனுக்குக் குடிபோகிறீர்கள். தொட்டியில் பல்லி விழுந்தால் ரெண்டு வீட்டுக் காபியிலும்தான். ஃபயர்ஃபாக்ஸ் தனி வீடு, வாஸ்தவம். அங்கேயும் 2019 ஜூனில், ரிப்பேர் வருவதற்கு முன்பே ஒரு ஓட்டையை வைத்து கிரிப்டோ கம்பெனி ஊழியர்களைக் குறிவைத்தார்கள்.

என்னைக் கேட்டால், எந்த பிரவுசர் என்பதைவிட எத்தனை நாள் பழசு என்பதுதான் விஷயம். 2023 ஆகஸ்டிலிருந்து க்ரோம் வாரா வாரம் பாதுகாப்பு ஒட்டு அனுப்புகிறது. அது தானாக இறங்கி வந்து காத்திருக்கும், நீங்கள் ஒரு தடவை மூடித் திறந்தால்தான் ஒட்டும். அடைத்த ஓட்டையைப் பற்றி திருடனும் படிக்கிறான். இன்னும் அடைக்காத வீடு எது என்று தேடுகிறான். நீங்களோ முப்பத்தேழு டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூணு வாரமாக மூடவில்லை. அதில் ஒரு டேப்பில் சம்பள அக்கவுண்ட் வேறு! மேலே வலது மூலையில் 'அப்டேட்' என்று கெஞ்சுகிறதே, அமுக்குங்கள். டேப்பெல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஆபீஸ் மூலையில் இன்னும் விண்டோஸ் 7 மெஷின் ஓடுகிறதா? க்ரோம் அதை 2023-லேயே கைகழுவியாச்சு. அங்கே பிரவுசரை மட்டும் மாற்றிப் பெரிய லாபமில்லை, மெஷினையே மாற்றச் சொல்லுங்கள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் என்ன பதில் வரும் என்று எனக்கும் தெரியும். எதற்கும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.