குப்பை மேட்டின் சொந்தக்காரர் யார்?

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த கொலன்னாவையில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்தது. வீடுகள் புதையுண்டன. 32 பேர் மாண்டனர். அம்மேடு வேண்டாமென்று ஆண்டுக்கணக்காக வீதியில் இறங்கி முறையிட்ட ஏழை மக்களின் அயல் அது. புளூமெண்டால் மேடு மூடப்பட்டபோது, 2009இல், தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்ட இடமும் அதுவே. இந்நாட்டில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு எட்டு ஆண்டு என்பது பொருள் போலும்!

அந்த மாதமே ஆட்சியாளர் செய்த காரியம் என்ன? குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையென வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்தனர். அதற்குத் தடை செய்வோரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்றனர். குப்பையைக் கொட்டியவன் தலைநிமிர்ந்து நடக்க, குப்பை வேண்டாம் என்றவன் குற்றவாளியாகிறான். இதுவா நியாயம்?

சட்டம் சொல்வது என்ன?

சட்டம் இல்லாமையால் நேர்ந்த கேடன்று இது. மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகளையும், நகரசபைக் கட்டளைச் சட்டத்தின் 118 முதல் 120 வரையான பிரிவுகளையும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளையும் எடுத்து வாசியுங்கள். குப்பையை அகற்றுவது சபையின் கடமை. சேர்த்த குப்பை சபையின் சொத்து. அதைத் தக்க இடத்தில் ஒழிப்பதும் சபையின் பொறுப்பே.

ஒருவனுடைய மாடு அயலானின் பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரன் நட்டங் கொடுக்க வேண்டும் என்பது நமது கமக்காரர் யாவரும் அறிந்த நியாயம். சபையின் சொத்து அயலானின் கிணற்றில் இறங்கினால் மட்டும் அந்த நியாயம் எங்கே ஓடி ஒளிகிறது?

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட குப்பையை ஏற்கும் நிலையத்தை அமைப்பதற்கு முன் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த விதி. சிறிய சபைகளின் மேடுகள் இந்த அளவைத் தொடுவதில்லை. எடையைக் கேட்கும் இவ்வளவுகோல், அடியில் இருப்பது களிமண்ணா சுண்ணக்கல்லா என்று கேட்பதில்லை. குறித்த இடமல்லாத வேறெங்கும் குப்பை கொட்டலாகாது என்று 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தடுத்தன. தடையை மீறுவது சபையே ஆனால், சபைமீது வழக்கு வைப்பவர் யார்?

நமது முற்றத்தைப் பார்ப்போம்

கொழும்பைக் குறை கூறுவது எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் உதவுகிறது. அக்கல்லினூடே அழுக்கும் அதே வேகத்தில் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை மறந்து விட்டோமா? அப்படியிருந்தும், கல்லுண்டாய் வெளியிலே நகரத்துக் குப்பை ஆண்டாண்டாகத் திறந்த வெளியிற் குவிக்கப்பட்டது, தீப்பற்றிப் புகைந்தது. இதைச் செய்தவர் அந்நியரல்லர். நமது வாக்கினால், நமது மொழியில் நடக்கும் சபைகளே செய்தன. சுயாட்சி கேட்கும் மக்கள் தமது கையிலுள்ள சிறு ஆட்சியைக் குப்பையிற் போடலாமோ?

பணமில்லை என்பர். ஒழுங்கான நிரப்புநிலம் எவ்வாறிருக்கும் என்பதைக் கொரிய உதவியுடன் 2015இல் தொம்பேயில் இந்நாடே செய்து பார்த்தது. அடியில் நீர் கசியாத விரிப்பு. ஊறும் நச்சுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கக் குழாயும் தொட்டியும். அன்றாடக் குப்பைமேல் மண் மூடல். வாயு வெளியேற வழி. அயல்நீரைச் சோதிக்கக் கிணறு. இவையின்றி ஒரு பள்ளத்துக்கு நிரப்புநிலம் என்று பெயரிடுவது மோசடி. கொழும்புக் குப்பையைப் புத்தளத்து அருவாக்காட்டுக்கு ரயிலேற்றுவதும், அங்குள்ள மக்கள் எதிர்த்து நின்ற வேளையிலேயே அதைச் செய்ய முனைந்ததும், துன்பத்தை இடம் மாற்றிய செயலன்றித் தீர்வன்று.

செலவில்லாத வேலையும் உண்டு. நமது குப்பையிற் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. வாசலிலேயே பிரித்தால் அது பசளை; பொலித்தீனும் கண்ணாடியும் கலந்தால் நஞ்சு. கண்ணாடித் துண்டு கிடக்கும் பசளையை எந்தக் கமக்காரன் தன் தறையில் இடுவான்? ஆகவே படித்தவர் வீட்டு வாசலிலும் இக்குற்றத்தின் ஒரு பங்கு கிடக்கிறது.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு சபையும் மூன்றை மக்கள் முன் வைக்க வேண்டும்: நாளுக்கு எத்தனை தொன் சேர்கிறது, எந்த அனுமதியின் கீழ் எங்கே கொட்டப்படுகிறது, அயற் கிணறுகளின் நீர் சோதிக்கப்பட்டதா. சொல்லாவிடின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். மேடு அயலுக்குத் தொல்லையானால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவான் முன் செல்லுங்கள். அங்கே மனுவை எழுதிக் கொடுப்பது சட்டத்தரணிகளாகிய நமது கடன். கூலி கேளாமற் செய்ய வேண்டிய கடன்.

மேடு சரிந்த பின்னர் மலர்வளையத்தோடு வரும் தலைவர் நமக்கு வேண்டாம். மேடு எழுமுன் கணக்கோடு வரும் தலைவரே வேண்டும். வாக்குக் கேட்டு அவர் படலைக்கு வரும்போது, கிணற்றில் ஒரு செம்பு நீர் அள்ளிக் கொடுத்து, "இதைக் குடித்துவிட்டுப் பேசுங்கள்" என்று சொல்லுங்கள்.